அன்ஃபீல்டில் தனித்து நின்ற பியர் ஆலைக்காரர்

பள்ளி மைதானத்துப் புழுதியில் பந்தடித்து வளர்ந்த எமக்குச் சனிக்கிழமை என்றால் இந்த நாட்டிலும் உதைபந்தாட்டம்தான். எமது ஒன்றுகூடலுக்கு லிவர்பூல் சட்டையோடு வரும் பிள்ளைகள், அந்தக் கழகம் ஒரு வாடகைத் தகராறில் பிறந்ததை அறிந்திருக்க வேண்டும். தகராறின் நடுவில் நின்றவர் ஜோன் ஹௌல்டிங்.

1833இல் பிறந்தவர், பால்மாடு வளர்த்தவரின் மகன். பியர் ஆலையொன்றில் தொழில் பழகி, பின் சொந்த ஆலை வைத்தார். லிவர்பூல் நகரசபைக்கும் தெரிவானார். எவர்டன் அந்த நகரின் ஒரு பகுதி; 'எவர்டனின் மன்னர் ஜோன்' என்றே ஊர் அவரை அழைத்தது.

எவர்டன் கழகம் 1878இல் மெதடிஸ்த ஆலயமொன்றின் அணியாகத் தொடங்கியது. 1884இல் அது மைதானமின்றி நின்றபோது, இன்னொரு பியர் ஆலைக்காரரான ஜோன் ஓரலின் அன்ஃபீல்ட் காணியை, இன்று லிவர்பூல் ஆடும் அதே மைதானத்தை, ஹௌல்டிங்தான் பேசிக் கொடுத்தார். மறு ஆண்டே அதைத் தானே வாங்கினார். வீரர்கள் உடைமாற்றியது அவருடைய சாண்டன் விடுதியில். மைதானத்தில் குடிபானம் விற்கும் உரிமையும் அவருக்கே.

பார்வையாளர் பெருகப் பெருக ஆண்டு வாடகை 100 பவுணிலிருந்து 250 ஆனது. நிர்வாகக் குழு 180தான் தருவோம் என்றது. அடுத்த காணியும் ஓரலுடையது. இடையே பாதை வெட்டும் உரிமை அவருக்கு இருந்தது, கழகம் கட்டிய மேடையோ அந்தப் பாதையை மறித்து நின்றது. கம்பனி அமைத்து இரண்டு காணிகளையும் வாங்குங்கள் என்றார் ஹௌல்டிங். யோசனை நல்லதுதான். ஆனால் விற்பவரும் அவர், வாங்கும் கழகத்தின் தலைவரும் அவர். மதுவிலக்குக்காரர் பலர் இருந்த குழு அதை எப்படி நம்பும்? 250 பவுணைவிட இந்த இரட்டை வேடமே பிளவுக்குக் காரணம் என்பது என் துணிபு.

1892இல் குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் மாஹன் தலைமையில் கழகத்தாரில் பெரும்பாலோர் ஸ்டான்லி பூங்காவுக்கு அப்பால் குடிசன் பார்க்குக்குப் போய்விட்டார்கள். ஹௌல்டிங்கிடம் மிஞ்சியது வெறும் மைதானம். எவர்டன் என்ற பெயரையாவது வைத்துக்கொள்ளப் பார்த்தார், அதுவும் மறுக்கப்பட்டது. லிவர்பூல் என்று பெயரிட்டு, நண்பர் ஜோன் மக்கென்னாவின் துணையோடு ஸ்கொட்லாந்து வீரர்களைத் திரட்டினார். 1892 செப்டெம்பர் 1, முதல் ஆட்டம்: ரொதராம் டவுனை 7-1 என வென்றார்கள். 1893-94இல் லீக்கின் இரண்டாம் பிரிவில் ஒரு தோல்வியும் இல்லை. 1901இல் முதலாவது லீக் சம்பியன் பட்டம். அதைக் காண அவருக்குக் கொடுத்துவைத்திருந்தது.

இடையில் 1897இல் லிவர்பூல் மாநகர முதல்வராகவும் ஆனார்.

1902 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரில் காலமானார். லிவர்பூலில் அவருடைய பெட்டியைச் சுமந்தவர்களில் இரண்டு கழகத்து வீரர்களும் இருந்தார்கள்.