போடோனியின் மயிரிழைக் கோடுகள்

சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு அழைப்பிதழ் வடிவமைத்தேன். மணமக்களின் பெயர்களை ஆங்கிலத்தில் போடோனி எழுத்துருவில் 48 பாயிண்ட் (எழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு) அளவில் அமைத்தேன். பார்வைக்கு ஒருமை வேண்டும் என்று எண்ணி, மண்டபத்தின் முகவரிக்கும் அதே எழுத்துருவை 8 பாயிண்டில் இட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது குறையொன்றும் தெரியவில்லை. மாதிரித் தாள் அச்சாகி வந்தபோது பெயர்கள் கண்ணைப் பறித்தன. முகவரியிலோ மெல்லிய கோடுகள் பாதி மறைந்து, ஆங்கிலச் சிற்றெழுத்து 'இ' (e) குறுக்குக்கோட்டை இழந்து 'சி' (c) போலக் கிடந்தது. இரண்டும் ஒரே எழுத்துரு என்பதால்தான் அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இவ்வகை எழுத்தில் செங்குத்துத் தண்டு தூண்போலத் தடித்திருக்கும். குறுக்குக்கோடுகளும் முனைகளில் உள்ள செரிஃப்கள் எனும் சிறு கோடுகளும் மயிரிழையாக மெலிந்திருக்கும். பழைய ரோமன் எழுத்துகளில் தண்டும் செரிஃபும் சேரும் இடத்தில் ஒரு சிறு வளைவு தாங்கி நிற்கும். இங்கே அத்தாங்கல் ஏறக்குறைய இல்லை. தட்டையான மெல்லிய கோடு தண்டைச் செங்கோணத்தில் சந்திக்கிறது. அழுத்தினால் விரிந்து, விட்டால் குவியும் கூர்முனைப் பேனாவின் போக்கு இந்தத் தடிப்பிலும் மெலிவிலும் தெரிகிறது. (ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு பெரும்பாலும் ஒரே தடிமனில் ஓடுவது. அதனால்தானோ என்னவோ, தமிழ்க் கண்ணுக்கு இந்த வேறுபாடு முதலில் சற்று வியப்பூட்டுகிறது.)

மயிரிழைக்குத் தகுந்த தாளும் வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அச்சாளர் ஜான் பாஸ்கர்வில் 1757இல் வெளியிட்ட ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூலில் வழவழப்பான தாளையும் அடர்கறுப்பு மையையும் கையாண்டு, மெல்லிய கோடு சிதையாமல் பதியும் என்று காட்டினார். பாரிசில் ஃபிர்மின் டிடோவும் இத்தாலியின் பார்மாவில் ஜாம்பத்தீஸ்தா போடோனியும் அந்த வழியை அதன் எல்லைவரை கொண்டுசென்றார்கள். 1740இல் சலூட்சோவில் பிறந்த போடோனி, ரோமில் அச்சுத் தொழில் பழகி, 1768இல் பார்மா கோமகனின் அச்சகப் பொறுப்பை ஏற்றார். தொடக்கத்தில் பாரிசின் ஃபூர்னியே வார்த்த எழுத்துகளையே வாங்கி அச்சிட்டவர், பிறகு தாமே எழுத்துகளைச் செதுக்கினார். அவருடைய பக்கங்களில் ஓரங்கள் தாராளமானவை. வரிகளுக்கிடையே வெண்மை நிறைந்திருக்கும். அந்த வெண்மை இல்லாவிட்டால் அவ்வெழுத்துகளின் கம்பீரத்தில் பாதி போய்விடும் என்பது என் கருத்து.

அவர் 1813இல் மறைந்தார். அவருடைய மாதிரி எழுத்து நூலை மனைவி மார்கரீத்தா 1818இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். சிசரோவின் உரையிலிருந்து ஒரே வாசகம் பல அளவுகளில் மீண்டும் மீண்டும் அச்சாகியிருப்பதை அதில் காணலாம். என் கேள்விக்கான விடை அங்கேதான் கிடைத்தது. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எஃகில் தனி அச்சாணி (எழுத்து வார்ப்புக்கான மூல அச்சு) செதுக்க வேண்டும். ஆகவே சிறிய அளவுக்குக் கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கவும், எழுத்தை அகலமாக்கவும், இடைவெளியைக் கூட்டவும் செதுக்குபவருக்கு வாய்ப்பு இருந்தது. ஒளிப்படமுறையில் எழுத்துக் கோக்கும் ஒளி அச்சுக்கோப்பும் பிறகு கணினியும் வந்தபோது, ஒரே வரைபடத்தைச் சுருக்கியும் பெருக்கியும் எல்லா அளவுக்கும் பயன்படுத்தும் வழக்கம் பரவியது. பெரிய அளவுக்கு வரைந்த மயிரிழை 8 பாயிண்டுக்குச் சுருங்கும்போது மை தாங்கும் அளவுக்கும் கீழே போய்விடுகிறது.

இந்த இழப்பை ஈடுகட்ட முயன்றவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனத்திற்காக, எழுத்துரு வடிவமைப்பாளர் சம்னர் ஸ்டோன் தலைமையிலான குழு பார்மாவுக்கே சென்று மூல அச்சாணிகளை ஆராய்ந்து, 6, 12, 72 பாயிண்ட் அளவுகளுக்கு மூன்று தனி வடிவங்களை உருவாக்கி 1994இல் வெளியிட்டது. ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற அமெரிக்க ஃபேஷன் இதழ் 1992இல் புது வடிவம் பெற்றபோது, ஜோனாதன் ஹோஃப்லர் அதற்காக வரைந்த டிடோ எழுத்துரு 6 முதல் 96 பாயிண்ட் வரை ஏழு அளவு வடிவங்களைக் கொண்டிருந்தது. தலைப்பு பெரிதானாலும் சிறிதானாலும் மயிரிழை ஒரே மென்மையோடு நிற்கும்.

இதழ்ப் பெயர், தலைப்பு, அத்தியாயத்தின் முதலெழுத்து, பெரிய எண்கள் ஆகியவற்றுக்கு இவ்வகை எழுத்துக்கு நிகரானதை நான் பார்த்ததில்லை. பெரிய அளவில் எழுத்துகளைச் சற்று நெருக்கி வைத்தால் இன்னும் சிறக்கும். கறுப்புப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்தாக மட்டும் இதை இடக்கூடாது, ஏனெனில் சுற்றியுள்ள மை உள்ளே பரவி மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். நீண்ட பத்திகளிலும் செங்குத்துத் தண்டுகளே வேலிக்கால்கள்போல முன்னே நின்று கண்ணைக் களைப்பாக்குகின்றன. கட்டணமின்றிக் கிடைக்கும் பிளேஃபேர் டிஸ்ப்ளே எழுத்துருவும் பெயருக்கேற்பத் தலைப்புக்காகவே வரையப்பட்டது; ஆயினும் வலைத்தளங்கள் பலவற்றில் அதைப் பத்திகளின் உடல்வாசகத்திற்கு இட்டிருப்பதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

அழைப்பிதழை மீண்டும் அமைத்தபோது பெயர்களைப் போடோனியிலேயே விட்டு, சுற்றிலும் கூடுதல் வெண்மை கொடுத்தேன். முகவரியை 6 பாயிண்டுக்கென வரைந்த வடிவத்திற்கு மாற்றினேன். இரண்டாவது மாதிரித் தாளில் 'இ'யின் குறுக்குக்கோடு முழுமையாக நின்றது.