நாய் கடித்தால்: ஊசி எண்ணிக்கைக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

நாய் கடித்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எங்கே போய் ஊசி போடுவது?" என்பதுதான். தமிழ்நாட்டில் அதற்குப் பதில் சுலபம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இலவசமாகப் போடுகிறார்கள். கடிவாயை எப்படிக் கழுவினோம், சீரம் (கடிவாயிலேயே செலுத்தும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) தேவையா என்ற இரண்டு கேள்விகளைத்தான் யாரும் கேட்பதில்லை. ஊசி போட்டும் ரேபிஸ் வந்துவிடுகிற அரிதான நேரங்களில், பெரும்பாலும் குறை இந்த இரண்டில்தான் இருக்கும், அல்லது ஊசி போடத் தாமதித்ததில் இருக்கும்.

முதலில் கழுவுதல். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இரண்டு சொம்பு தண்ணீரை ஊற்றித் துடைப்பது கணக்கில் வராது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். ரேபிஸ் வைரஸின் மேல் உறை கொழுப்பாலானது, அதை சோப்பு உடைத்துவிடும். குளியல் சோப்பு, துணி சோப்பு, கையில் எது கிடைத்தாலும் சரி. கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். அவை புண்ணை எரிச்சலூட்டி, வைரஸ் நரம்பை எட்ட வழி செய்துகொடுக்கும். இறுக்கிக் கட்டுப் போடுவதும் வேண்டாம். தையலையும் முடிந்தவரை தள்ளிப்போடுவார்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் சீரம் செலுத்திய பிறகு, தளர்வாக ஒன்றிரண்டு தையல் போடுவார்கள்.

அடுத்து, காயம் எந்த வகை என்று பார்ப்பார்கள். நாயைத் தொட்டது, சோறு வைத்தது, காயமில்லாத தோலை நாய் நக்கியது எல்லாம் முதல் வகை, ஊசி தேவையில்லை. இரத்தம் வராத பிறாண்டல், லேசான பல் பதிவு இரண்டாம் வகை; தடுப்பூசி மட்டும் போதும். தோல் கிழிந்து இரத்தம் வந்தாலோ, ஏற்கெனவே இருந்த புண்ணில் நாயின் எச்சில் பட்டாலோ, வாய், கண் போன்ற இடங்களில் பட்டாலோ மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கு இரண்டாம் வகைக் காயமானாலும் சீரம் போடுவார்கள்.

சீரம் ஏன் வேண்டும்? தடுப்பூசி போட்டு உடல் தானாக எதிர்ப்புப் பொருளை உருவாக்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்புவது இந்தச் சீரம்தான். அதனால் அதைக் கையில் போட்டுப் பயனில்லை, கடிவாய்க்குள்ளும் அதைச் சுற்றியும்தான் செலுத்த வேண்டும். வலிக்கும், குழந்தை கதறும். அதைப் பார்த்துப் பெற்றோர் தடுத்துவிடக் கூடாது. முகத்திலும் விரல்களிலும் கடிபட்டால் இது இன்னும் அவசியம். அளவு எடையைப் பொறுத்தது: குதிரையிலிருந்து எடுத்த சீரமானால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிலிருந்து எடுத்ததானால் 20. ஐம்பது கிலோ ஆளுக்கு அதிகபட்சம் முறையே 2000, 1000 யூனிட். காயங்கள் நிறைய இருந்து மருந்து போதாவிட்டால், சலைன் கலந்து எல்லாக் காயங்களுக்கும் போடுவார்கள். சின்ன நிலையத்தில் சீரம் இல்லையென்றால் முதல் தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொண்டு, அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஊசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் சீரம் போடுவதில் பலனில்லை.

அரசு நிலையங்களில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறைதான். இரண்டு கைகளிலும் தலா 0.1 மில்லி, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ஊசி சரியாக ஏறினால் அந்த இடத்தில் கொசுக்கடிபோல் சின்னதாக ஒரு மேடு எழும்பும். எழும்பாவிட்டால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். உடனே செவிலியரிடம் சொல்லுங்கள், பக்கத்தில் மறுபடி போடுவார்கள். தனியாரில் தசையில் போடும் முறை அதிகம்: 0, 3, 7, 14, 28 என ஐந்து ஊசி. கையில்தான் போட வேண்டும், சிறு குழந்தைக்குத் தொடையின் பக்கவாட்டில். இடுப்பில் போட்டால் கொழுப்பில் தங்கி மருந்து சரியாக வேலை செய்யாது. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசியை நினைத்து இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வழக்கொழிந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன.

நாள் கணக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். 0 என்பது கடித்த நாள் அல்ல, முதல் ஊசி போட்ட நாள். தோலுக்குள் போடும் முறையைத் திங்கட்கிழமை தொடங்கினால் அடுத்தது வியாழன், பிறகு மறு திங்கள், கடைசியாக முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் தவறியதும் அடுத்த நாளே போய்விடுங்கள். டி.டி. ஊசி போட்டாயிற்று என்று திரும்பி வந்துவிடுகிறவர்களும் உண்டு. அது வில்வாத நோய்க்கானது, ரேபிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என்ன ஊசி போட்டார்கள் என்று சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய் தடுப்பூசி போட்ட வீட்டு நாயாக இருந்தாலும், குட்டியாக இருந்தாலும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம், பத்து நாள் கவனித்தாலே போதும். அது நன்றாக இருந்தால் மீதித் தவணை வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். பூனை, குரங்கு கடித்தாலும் இதே முறைதான். வீட்டு எலி கடித்தால் பொதுவாக இந்த ஊசி தேவைப்படாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் இல்லை, கறி மீன் சாப்பிடலாம். கடித்து மாதக்கணக்கில் ஆகி ஊசியே போடாமல் இருந்தால், இப்போதாவது போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்பே முழுத் தவணையும் போட்டவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 என இரண்டே ஊசி, சீரமும் வேண்டாம். ஆனால் அதற்குப் பழைய சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும். ஆதார் அட்டை வைத்திருக்கும் இடத்திலேயே அதையும் போட்டுவையுங்கள்.