செம்பிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்ன இரவு

என் குதிரை செம்பிக்கு அப்போது 23 வயது. சாயங்காலம் போட்ட புல்லைத் தொடவே இல்லை. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தாள், முன்னங்காலால் தரையைப் பறித்தாள். குதிரை வளர்ப்பவர்களுக்கு அது போதும். வயிற்று நோவு.

டாக்டர் வந்து பார்த்தபோது நாடி நிமிடத்துக்கு 64. சும்மா நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். வலிக்கு ஊசி போட்டுவிட்டு, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே தேங்குவதை இப்படி எடுக்காவிட்டால் இரைப்பையே கிழிந்துவிடும். வாளி நிறையப் பச்சையாகக் கொட்டியது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடியும் படுத்துப் புரள ஆரம்பித்தாள்.

"சிறுகுடல் முறுக்கியிருக்கும்னு நினைக்கிறேன். திறந்து பார்க்கணும்னா இப்பவே கிளம்பணும்" என்றவர், செலவையும் சொன்னார். என் சேமிப்பு முழுக்கப் போய், மேற்கொண்டு கடனும் வாங்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பணத்தை நினைப்பதே அவளுக்குச் செய்யும் துரோகம் போல இருந்தது. ஆனாலும் அதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் மற்றதையெல்லாம் நிதானமாகக் கேட்க முடிந்தது.

அதுவரை "பிழைப்பாளா" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். பிழைத்தால் அதற்குப் பிறகு என்னவென்று அவர்தான் விளக்கினார். மயக்கம் தெளிந்து தடுமாறி எழும்போதே கால் முறியலாம். தையல் ஆறும்வரை வாரக்கணக்கில் லாயத்திலேயே அடைபட்டு நிற்க வேண்டும். குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நோவு திரும்பலாம். குளம்புக்குள் வீக்கம் வரலாம். செம்பிக்கு அது ஏற்கெனவே ஒருமுறை வந்து, மாதக்கணக்கில் நொண்டியவள்.

கடைசியாக அடிவயிற்றில் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் எடுத்தார். சின்னக் கண்ணாடிக் குப்பியை டார்ச் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டியது, கலங்கிச் சிவந்திருந்தது. குடலில் ஒரு பகுதி ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"உங்க குதிரையா இருந்தா?"

"வயசுக்காக மட்டும் நான் மறுக்க மாட்டேன், இதைவிட வயசானதும் தேறியிருக்கு. ஆனா இந்தக் குளம்போட இவளை அனுப்ப மாட்டேன்."

வேண்டாம் என்றேன். லாயத்துக்கு வெளியே, பிறகு வண்டி வந்து உடலை எடுக்க வசதியான இடத்துக்கு மெதுவாக நடத்திக் கூட்டிப்போனோம். முதலில் மயக்க ஊசி. தலை தாழ்ந்து என் மார்பில் சாய்ந்தது. காதுக்குப் பின்னால் வியர்வையில் நனைந்திருந்த ரோமத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். டாக்டர் விலகச் சொன்னதும் விலகினேன்.

இப்போது என்னிடம் 9 வயதுக் குதிரை ஒன்று இருக்கிறது. லாயக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: டாக்டர் எண், குதிரை வண்டிக்காரர் எண், எவ்வளவு செலவு வரை போகலாம், நான் ஊரில் இல்லாவிட்டால் யார் முடிவெடுப்பது. ஆபரேஷன் என்ற இடத்தில் 'சரி' என்று எழுதியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை அவனை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைப் புதிதாக எழுதுகிறேன்.