4.8 மில்லிமீட்டர் கப்பி

கடந்த நான்கு ஆண்டுகளாக என் மேசைமீது ஒரு போர்க்கப்பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமாலி' என்னும் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் அது. 1782-இல் அத்துறைமுகத்துக்கு அருகே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்போரின் நினைவாக அப்பெயர் வைக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்த காலத்தில், பம்பாயில் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் கைப்பொறுப்பில் மலபார்த் தேக்கைக்கொண்டு கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று அது நீரில் இறக்கப்பட்டது. அதன் வரைபடங்களை முதலில் ஏற்றிவந்த 'ஜாவா' என்ற கப்பலை 1812 டிசம்பரில் அமெரிக்கரின் 'கான்ஸ்டிடியூஷன்' வீழ்த்திவிட்டதால், இன்னொரு படி வந்துசேரும்வரை பம்பாயில் வேலை தாமதப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்தத் தேக்குக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது என்பதே நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம்.

அசலில் 64-இல் ஒரு பங்காக நான் அதைச் செய்கிறேன். பீரங்கித் தளத்தில் ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள கப்பல், என் மேசையில் 71 சென்டிமீட்டர். உடலைக் கட்டிப் பலகை ஒட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளும் கப்பி, வளையம், கொக்கி, கயிறுகளைக் கட்டிவைக்கும் கட்டுமுளை, தளத்தின் திறப்பை மூடும் அழிக்கதவு போன்ற உறுப்புகளிலேயே போய்க்கொண்டிருக்கின்றன. "இவ்வளவு சின்னச் சாமானுக்கா இவ்வளவு காலம்?" என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

மாதிரிக் கப்பலைப் பார்ப்பவரின் கண்ணுக்கு உடலின் நீளம் எதையும் சொல்வதில்லை. 71 சென்டிமீட்டர் மரத்துண்டு ஒரு படகாகவும் இருக்கலாம், 300 பேர் வாழ்ந்த போர்க்கப்பலாகவும் இருக்கலாம். மனிதக் கை பற்றக்கூடிய பொருள்களைத்தான் கண் தேடுகிறது. கயிறு எவ்வளவு தடிமன், அந்தக் கயிறு ஓடும் கப்பி எவ்வளவு பெரியது, தளத்தில் நடக்கும் ஒருவனின் கால் அழிக்கதவின் துளைக்குள் போகுமா போகாதா என்பவற்றைக்கொண்டே கப்பலின் பருமனை அது கணிக்கிறது. கப்பி ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டால், எவ்வளவு நுணுக்கமாகப் பலகை ஒட்டியிருந்தாலும் கப்பல் பொம்மையாகிவிடும். கடையில் பெட்டியாக வாங்கும் தொகுப்புகளில் பெரும்பாலும் இந்தக் குறை இருக்கிறது. எல்லாக் கப்பிகளும் 3, 5, 7 மில்லிமீட்டர் என்று சில அளவுகளில் மட்டுமே வரும், அவற்றின் துளையோ நட்டநடுவில் ஒற்றைப் புள்ளியாக இருக்கும்.

நான் முதலில் செய்த கப்பல் அப்படியொரு தொகுப்பிலிருந்து வந்ததுதான். அதன் பீரங்கிகளும் நங்கூரங்களும் ஈயம் கலந்த உலோகத்தில் வார்க்கப்பட்டவை. கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றுப் புகாமல் மூடி, மூன்று ஆண்டுகள் கூடத்தில் வைத்திருந்தேன். ஒருநாள் பீரங்கிகளின் வாய்ப்புறத்தில் சுண்ணாம்பு பூத்ததுபோல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. தூசு என்று எண்ணித் தூரிகையால் தட்டியபோது பீரங்கியின் விளிம்பே உதிர்ந்தது. ஓக், ஒட்டுப்பலகை போன்ற மரங்களும் சில பசைகளும் மெல்ல வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி, மூடிய பெட்டிக்குள் தேங்கி ஈயத்தைத் தின்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து ஈயம் கார்பனேட்டாக மாறும்போது அந்த அமிலம் மீண்டும் விடுபட்டு அடுத்த அடுக்கைத் தாக்குவதால், ஒருமுறை தொடங்கிய அரிப்பு தானாக நிற்பதில்லை. அந்தப் பொடி நஞ்சு. முகமூடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. பழைய தொகுப்புக் கப்பல் வைத்திருப்பவர்கள் இன்றே பெட்டியைத் திறந்து பீரங்கிகளைப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இழப்புக்குப் பிறகு, ஈயம் கலந்த எதையும் என் கப்பலில் ஏற்றுவதில்லை என்றும், உறுப்புகள் அனைத்தையும் நானே செய்வதென்றும் முடிவெடுத்தேன்.

அளவு எங்கிருந்து கிடைக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எல்லாம் கயிற்றிலிருந்து தொடங்குகிறது. அக்காலக் கப்பற்கயிற்றைச் சுற்றளவால் குறிப்பார்கள். 8 அங்குலக் கயிறு என்றால் அதன் விட்டம் இரண்டரை அங்குலம், என் கப்பலில் 1 மில்லிமீட்டர். இதை அறியாமல் 8 அங்குலத்தை விட்டமாகக் கொண்டு நூல் வாங்கினால் மூன்று மடங்கு தடித்த கயிறு வந்துசேரும். தொடக்கத்தில் நானும் அப்படி வாங்கினேன். கயிற்றின் விட்டம் தெரிந்துவிட்டால் கப்பி தெரிந்துவிடும். அதன் நீளம், அதில் ஓடும் கயிற்றின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு. உருளையைச் சுற்றியுள்ள மரக்கூட்டின் தடிமன் நீளத்தில் பாதி. ஆகவே 4 அங்குலக் கயிற்றுக்கு 12 அங்குலக் கப்பி. 64-ஆல் வகுத்தால் கயிறு 0.5 மில்லிமீட்டர், கப்பி 4.8 மில்லிமீட்டர், துளை 0.6 மில்லிமீட்டர். இந்தக் கணக்கை எழுதி மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்தது மரம். அசல் கப்பல் தேக்கு என்பதால் உறுப்புகளையும் தேக்கிலேயே செய்ய ஆசைப்பட்டேன். அது நடக்கவில்லை. கப்பலை 64-இல் ஒரு பங்காகச் சுருக்கலாம், மரத்தின் ரேகையைச் சுருக்க முடியாது. 5 மில்லிமீட்டர் தேக்குத் துண்டில் நீர்த்துளைகள் கிணறுகளைப்போலத் தெரிகின்றன, துளையிடும்போது ரேகையோடு பிளந்தும்விடுகிறது. மேலைநாட்டார் இதற்குப் பாக்ஸ்வுட்டையும் பேரி மரத்தையும் பயன்படுத்துகிறார்கள். இங்கே எனக்குக் கைகொடுத்தது வெப்பாலை, கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மைகளைக் கடைகிறார்களே, அந்த மரம். தந்தம்போல வெளுத்து, ரேகை கண்ணுக்கே தெரியாமல், உளிக்கு வெண்ணெயாக இணங்குகிறது. இன்னும் உறுதி வேண்டிய இடத்தில் நன்றாக உலர்ந்த கொய்யாக் கிளை உதவுகிறது.

இனி கப்பி. 3.6 மில்லிமீட்டர் அகலமும் 2.4 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள, ஒரு முழம் நீளமான வெப்பாலைச் சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். முதலில் அதன் அகன்ற பக்கங்கள் இரண்டிலும், நடுக்கோட்டில், முழு நீளத்துக்கும் ஒரு மெல்லிய பள்ளம் ஓட்டுவேன். கப்பியைச் சுற்றிக் கட்டும் கயிறு அமர்வதற்கான பள்ளம் அது. பிறகு 4.8 மில்லிமீட்டருக்கு ஒரு கோடாகக் குறித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறுகிய பக்கத்தில் ஒரு நுனிக்கு அருகே துளையிடுவேன். துளை நடுவில் வரக்கூடாது. உண்மையான கப்பியில் கூட்டுக்குள் உருளை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், கயிறு உருளையின் ஒரு புறமாக நுழைந்து சுற்றி மறுபக்கம் வெளியேறும். அந்த உருளை உள்ளே இருப்பதாகத் தோன்றுவதற்காக, துளையிலிருந்து மறுநுனி நோக்கி நகத்தால் கீறினாற்போல ஒரு சிறு வாய்க்கால் இழுக்கிறேன். இந்த ஒரு கீறலில்தான் மரத்துண்டு கப்பியாகிறது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன.

இவ்வளவும் முடிந்த பிறகே துண்டுகளைத் தனித்தனியாக அறுக்க வேண்டும். சட்டத்திலிருந்து பிரிந்துவிட்ட 4.8 மில்லிமீட்டர் துண்டை விரலாலோ சாமணத்தாலோ பிடித்து வேறெந்த வேலையும் செய்ய இயலாது. முதலில் துண்டுபோட்டுவிட்டுத் துளையிட முயன்று எத்தனை துண்டுகளைத் தரையில் தொலைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. அறுத்த துண்டுகளை, உட்புறம் உப்புத்தாள் ஒட்டிய ஊறுகாய் ஜாடியில் போட்டு, சிறு மோட்டாரில் பூட்டி மெதுவாகச் சுழல விடுவேன். இருபது நிமிடத்தில் மூலைகள் தேய்ந்து, ஒவ்வொன்றும் எலுமிச்சை விதைபோல உருண்டு வரும். அதிகம் சுற்றினால் துளை விளிம்புகள் கரைந்துவிடும் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன். ஜாடியைத் திறந்ததும் எழும் பச்சை மர வாசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்தச் சிறு பொருளுக்குப் பெரிய வரலாறு உண்டு. 74 பீரங்கிகள் கொண்ட ஒரு கப்பலுக்கு 922 கப்பிகள் தேவைப்பட்டன. கூடு எல்ம் மரத்திலும், உருளை கல்லைப்போன்ற லிக்னம் விட்டே மரத்திலும் செய்யப்பட்டன. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் மார்க் இசம்பார்ட் புருனெல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லி செய்துகொடுத்த 45 எந்திரங்கள் 1808 வாக்கில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகளைச் செய்துதள்ளின. 110 பேர் செய்த வேலையைப் 10 பேர் செய்தார்கள். ஒரே அளவான பொருளை எந்திர வரிசையில் ஏராளமாகச் செய்யும் முறை உலகில் வேரூன்றிய இடங்களுள் அந்தக் கப்பிப் பட்டறையும் ஒன்று. சட்டத்தை அறுத்தல், துளைத்தல், பள்ளமிடல், மூலை தேய்த்தல் என்று வேலையைக் கூறுகளாகப் பிரிக்கும் அவர்களின் முறையையே என் ஊறுகாய் ஜாடியும் பின்பற்றுகிறது என்பதை எண்ணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

பாய்மரத்தை இருபுறமும் தாங்கும் கயிறுகளை விறைப்பாக்குவதற்கு, கப்பிக்குப் பதிலாக டெட்-ஐ எனப்படும் வட்டக்கட்டைகள் வரும். அவற்றில் உருளை கிடையாது, மூன்று துளைகள் மட்டுமே. மண்டையோட்டின் கண்களும் வாயும்போலத் தோன்றும். இதைக் கடைசல் எந்திரத்தில் கொய்யாக் கட்டையிலிருந்து கடைகிறேன். பித்தளைத் துண்டில் மூன்று துளையிட்ட ஒரு வழிகாட்டி வைத்திருப்பதால் துளைகள் ஒன்றுக்கொன்று விலகுவதில்லை. துளையின் விளிம்பை ஊசிமுனையால் மழுக்கிவிட வேண்டும். அசல் கப்பலில் கயிறு தேயாமலிருக்க அப்படிச் செய்தார்கள், மாதிரியில் நூல் அழகாக வளைந்து செல்லவும் அதுவே உதவுகிறது.

உலோக உறுப்புகளைப் பொறுத்தவரை என் ஆசான், எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பொற்கொல்லர் ஒருவர். தளத்தில் பதிக்கும் வளைய ஆணிகளுக்கு 0.4 மில்லிமீட்டர் செப்புக்கம்பியைத் துளைப்பான் ஊசியின் தண்டில் சுற்றி முறுக்குகிறேன். முதல் நாள் எல்லாக் கம்பியும் கழுத்தில் ஒடிந்தன. "கம்பியக் காய்ச்சாம முறுக்கக் கூடாதுங்க தம்பி" என்று சொல்லி, அவரே தீயில் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கொடுத்தார். அதன்பின் கம்பி நூலாக வளைந்தது. வெங்காரம் வைத்து வெள்ளிப் பற்றாசால் ஒட்டுவதையும் அவரிடமே கற்றேன். சாதாரண வெள்ளீயப் பற்றாசு எளிது, ஆனால் செம்பைக் கறுப்பாக்கும்போது ஒட்டிய இடம் மட்டும் கறுக்காமல் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பாக்குவதற்கு, வெள்ளி நகையைக் கறுப்பேற்றப் பட்டறைகளில் வைத்திருக்கும் கந்தகக் கரைசலே போதும். இக்கரைசல் பித்தளையில் சரியாகப் பிடிக்காது என்பதால், இரும்பாகத் தோன்றவேண்டிய அனைத்தையும் செம்பிலேயே செய்கிறேன். வண்ணம் பூசுவதைவிட இது மேலானது. பூச்சு 0.4 மில்லிமீட்டர் கம்பியைத் தடிக்கச் செய்துவிடும், கரைசல் தடிமனைக் கூட்டுவதில்லை.

அழிக்கதவுகள் பொறுமையைச் சோதிப்பவை, ஆயினும் செய்முறை எளிது. கப்பலின் குறுக்கே செல்லும் தடித்த சட்டங்களில் பல்வெட்டி, நெடுக்கே செல்லும் மெல்லிய பட்டைகளை அவற்றில் அமர்த்த வேண்டும். துளை அசலில் இரண்டு முதல் மூன்று அங்குலம், எனக்கு 1 மில்லிமீட்டர்.

பீரங்கிகளை மட்டும் பித்தளையில் கடைகிறேன். 9 அடி நீளமுள்ள, 18 பவுண்டுக் குண்டு எறியும் பீரங்கி 43 மில்லிமீட்டராகிறது. அதன் குண்டு 5 அங்குல விட்டம், அதாவது சரியாக 2 மில்லிமீட்டர். சைக்கிள் கடையிலிருந்து பேரிங் பட்டறைவரை அலைந்து, 2 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகள் ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன். அவற்றைக் கறுப்பாக்கிப் பீரங்கிக்கு அருகே மரச்சட்டத்தில் வரிசையாக அடுக்கிய மாலையில், என் மகள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது ரொம்பப் பெரிய கப்பல் இல்ல?" என்று கேட்டாள். 71 சென்டிமீட்டர் மரத்தைப் பார்த்து அவள் அப்படிக் கேட்டது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

நேற்றிரவு ஜாடியிலிருந்து 60 கப்பிகளைக் கொட்டினேன். உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்து 41-ஐத் தேர்ந்தெடுத்துத் தீப்பெட்டியில் போட்டு, மேலே '12 அங்குலம், முன் பாய்மரம்' என்று எழுதியாகிவிட்டது. மீதி 19-இல் துளை சாய்ந்திருக்கிறது. நாளை புதிய சட்டம் ஒன்றை இழைத்து, அந்த 19-ஐயும் மறுபடி செய்ய வேண்டும்.