நூலும் குண்டூசியும்: விக்டோரியா போன வழி

ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கப் போய்த் திரும்பாத பர்க், வில்ஸ் என்ற பயணிகள் இருவரையும் தேடிப்போன விக்டோரியா கப்பலின் பாதையை வரைபடத்தில் நூல் கட்டிப் பார்க்க வேண்டும் என்று மூன்று ஞாயிறாக மல்லுக்கட்டுகிறேன். ஆஸ்திரேலியா ஒரே நாடாவதற்கு முன், விக்டோரியா காலனி தனக்கென வைத்திருந்த போர்க்கப்பல் அது. நீராவியும் உண்டு, பாயும் உண்டு.

சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர் கணக்கில் பன்னிரண்டு ஏ4 தாள்களில் அச்செடுத்து, தெர்மாகோலில் ஒட்டினேன். முதல் தடவை சொதப்பல். இரண்டு தாள் சேருமிடம் சரியாக டோரஸ் நீரிணையில் விழுந்தது. பசை ஊறி அப்பளம் மாதிரி புடைத்துக்கொண்டதில், கப்பல் நுழைய வேண்டிய சந்தே மறைந்துவிட்டது. படத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி அச்செடுத்தேன்.

முதலில் பர்க், வில்ஸ் போன தரைவழிக்குச் சிவப்பு நூல். 1860 ஆகஸ்ட் 20 மெல்போர்ன், டிசம்பர் 16 கூப்பர் ஓடை, பிப்ரவரியில் கார்பென்டாரியா வளைகுடாச் சதுப்பு. திரும்பி ஓடைக்கு வந்தது 1861 ஏப்ரல் 21 சாயங்காலம். மாதக்கணக்கில் காத்திருந்த ஆட்கள் அன்று காலையில்தான் முகாமைக் காலி செய்திருந்தார்கள். வந்த நூல், போன நூல் இரண்டையும் ஒரே குண்டூசியில் கட்டினேன். கொஞ்சம் தள்ளி, ஓடைக்கரையிலேயே சிவப்பு முடிகிறது. ஜூன் கடைசி வாக்கில் இருவரும் இறந்துபோனார்கள்.

அப்புறம் கப்பலுக்கு நீல நூல். விக்டோரியாவின் கேப்டன் நார்மன் மெல்போர்னை விட்டது 1861 ஆகஸ்ட் 4. தேதிச்சீட்டை ஒட்டும்போதுதான் உறைத்தது: கப்பல் நங்கூரம் தூக்கும்போதே சிவப்பு நூல் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது!

நீலம் நேராகவும் போகவில்லை. பிரிஸ்பேனில் லேண்ட்ஸ்பரோவின் தேடல் குழுவையும் குதிரைகளையும் ஏற்றிய ஃபயர்ஃபிளை என்ற கப்பல், சர் சார்லஸ் ஹார்டி தீவுகளில் பாறையில் மோதியது. நார்மன் அந்தச் சிதைந்த கப்பலையும் விடாமல் கட்டி இழுத்துக்கொண்டு, கார்பென்டாரியா வளைகுடாவில் கலக்கும் ஆல்பர்ட் ஆற்றுக்குப் போனார். அதனால் தீவுகளிலிருந்து நீலத்தோடு ஒரு கறுப்பு நூலையும் முறுக்கிவிட்டேன். இந்தப் பலகையிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். பர்க்கோடு போனவர்களில் உயிரோடிருந்த கிங்கை, இன்னொரு தேடல் குழுவின் தலைவர் ஹோவிட் தரைவழியே வந்து கண்டுபிடித்ததும் 1861 செப்டம்பரில்தான். அதுவரை அவரைக் காப்பாற்றியவர்கள் அந்த ஓடைப் பகுதியின் பூர்வகுடிகளான யாந்துருவாந்தா மக்கள்.

ராக்ஹாம்ப்டனிலிருந்து வாக்கர் என்பவரின் தேடல் குழு வந்த வழிக்கு மஞ்சள் நூல் பாக்கி. நீலக் கண்டு தீர்ந்துவிட்டது. கப்பல் 1862 மார்ச் 31 மெல்போர்ன் திரும்ப இன்னும் ஒரு மீட்டராவது வேண்டும்.