கார்ப்பாக்கிலிருந்து க்ளாக்னஹாரி வரை: கலிடோனியன் கால்வாய் நாட்குறிப்பு

ஜூன் 6, கார்ப்பாக்

ஸ்காட்லாந்தைக் குறுக்கே கடக்கும் கலிடோனியன் கால்வாய்க்குப் போகும் வழியில், காரன் இடுக்கில் ஓதநீர் (கடலின் ஏற்றவற்ற ஓட்டம்) 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகம் வரை ஓடும். இந்தப் படகு இன்ஜினில் ஐந்தரைதான் எட்டும். அதனால் ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து இடுக்கில் நுழைந்தோம். அதற்கப்புறம் லின்னி கடற்கழியில் தண்ணீரே தள்ளிக்கொண்டு வந்துவிடும். கார்ப்பாக்தான் கால்வாயின் வாய். அங்கே கடல் லாக்கை (லாக் என்பது இரு முனையிலும் கதவுள்ள தொட்டி; நீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும்), பெருவற்றத்துக்கு (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மிகத் தாழ்ந்த வற்றம்) முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் திறக்க மாட்டார்கள். சீக்கிரம் வந்தால் வெளியே காத்திருக்கத்தான் வேண்டும். வி.எச்.எஃப். ரேடியோவில் 74-ஆவது சேனலில் கூப்பிட்டு, படகின் நீளம், அகலம், ஆழம் சொன்னால் எந்தப் பக்கம் அணைக்க வேண்டும் என்று லாக் கீப்பர் சொல்வார்.

படகைப் பற்றி ஒருமுறை எழுதிவிடுகிறேன்: 11 மீட்டர் காஃப் கட்டர் (ஒற்றைப் பாய்மரம்; முதன்மைப் பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் சாய்கட்டைதான் காஃப்), ஓக் சட்டத்தின்மேல் லார்ச் பலகை, 12 டன், நீருக்குள் 1.8 மீட்டர். கால்வாய் 4.1 மீட்டர் ஆழப் படகையும் 45 மீட்டர் நீளக் கப்பலையும் ஏற்கும். ஆழமும் நீளமும் கவலை இல்லை. பாலங்கள் எல்லாம் திறப்பவை என்பதால் பாய்மரத்தைச் சாய்க்கவும் வேண்டாம். கவலையெல்லாம் படகை நிறுத்துவதில்தான். நீண்ட அடிக்கட்டை, நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி வைத்த ப்ரொப்பெல்லர். ரிவர்ஸ் போட்டால் அமரம் (படகின் பின்முனை) இடப்பக்கமாக ஓடும். சுக்கான் அதைக் கேட்காது. இப்படிப்பட்ட படகுக்கு இங்கே பிரேக் என்பது கயிறு ஒன்றுதான்.

இன்று மாலை செய்தவை: அணியத்தில் (முன்முனையில்) நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையை (பௌஸ்ப்ரிட்) உள்ளே இழுத்தோம். முதலில் அதன் அடிச்சங்கிலியைத் தளர்த்தி, பிறகு ஆப்பை உருவி, பிறகு கட்டையை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் சங்கிலி இறுகி ஆப்பு கழலாது. 15 மீட்டர் நீளத்தில் நான்கு கயிறு, 14 மி.மீ. பாலியஸ்டர். நைலான் வேண்டாம், அது எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு தூரம் படகு லாக்குக்குள் அலையும். பக்கத்துக்கு ஐந்து ஃபெண்டர் (மோதல் தாங்கும் மெத்தை), அவற்றுக்கு வெளியே இரண்டு மீட்டர் பலகை. லாக் சுவரில் ஏணிக்குழிகளும் உடைந்த கல் விளிம்புகளும் உண்டு. பலகை இல்லாத ஃபெண்டர் குழிக்குள் போய்விடும்.

ஜூன் 7, பனவி

கார்ப்பாக்கின் இரட்டை லாக், பிறகு ரயில் பாலம், சாலைப் பாலம், உடனே எட்டுப் படி. இதைத்தான் நெப்டியூன் படிக்கட்டு என்கிறார்கள். ஏறத்தாழ 450 மீட்டர் தூரத்துக்குள் 20 மீட்டர் ஏற்றம். ஒரு லாக்குக்கு இரண்டரை மீட்டர். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் என்பது வழக்கமான கணக்கு. இறங்கி வரும் படகுகள் இருந்தால் காத்திருப்பு தனி.

நாலு பேருக்கு வேலைப் பங்கீடு: சுக்கானில் ஒருவர், அணியக் கயிறோடு ஒருவர், அமரக் கயிறோடு ஒருவர். நான்காமவர் கையில் ஒரு ஃபெண்டர் மட்டும். அவர் எதையும் கட்டக் கூடாது.

நுழையும்போது பின்காற்று என்றால் அமரக் கயிறு முதலில் கரைக்குப் போக வேண்டும். புதியவர்கள் அணியத்தைத்தான் முதலில் கட்டுவார்கள். அப்போது பின்காற்று அமரத்தைத் தள்ளி, படகை லாக்குக்குக் குறுக்கே திருப்பிவிடும். எதிர்காற்று என்றால் அணியக் கயிறு முதலில். இந்தப் படகுக்கு இடப்பக்கச் சுவர்தான் நல்லது; ரிவர்ஸில் அமரம் தானாகவே சுவரோடு ஒட்டும். கீப்பரிடம் கேட்டால் முடிந்தவரை தருவார்.

தண்ணீர் விடும்போது முதல் இரண்டு நிமிடம்தான் ஆபத்து. மேல்கதவுக்கு அருகே பொங்கி வரும் நீர் படகைப் பின்னால் தள்ளும். சுவரில் மோதித் திரும்பும் நீர் கொஞ்ச நேரத்தில் முன்னால் இழுக்கும். அணியக் கயிறு எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும். படகு ஏற ஏறக் கயிறு தொய்யும், தொய்வை உடனே வாங்க வேண்டும். க்ளீட்டில் (படகில் கயிறு கட்டும் கொம்பு) ஒரு சுற்று, நுனி கையில், அவ்வளவுதான். 12 டன்னை வெறுங்கையால் பிடிக்க முடியாது. அந்த ஒரு சுற்று பிடிக்கும். மேல்கதவு அருகில் கூடியவரை நிற்காதீர்கள். மூன்று நான்கு படகு சேர்ந்து ஏறினால் பின்னால் நிற்பவருக்குப் பொங்கும் நீர் குறைவு. ஆனால் கீப்பர்கள் கனமான படகை முன்னால் நிறுத்துவதுதான் வழக்கம், அதில் நியாயமும் இருக்கிறது.

ஒரு லாக்கிலிருந்து அடுத்ததற்கு, கரையில் இருவர் கயிற்றோடு நடந்து இழுத்துப் போவார்கள். அணியக்காரர் மட்டும் இழுத்தால் அணியம் சுவரில் முட்டும், அமரம் நடுவே போகும். அமரக்காரர் அரை அடி முன்னதாகக் கிளம்பட்டும். கதவு திறந்தவுடனே நகர வேண்டாம். இரு பக்க நீரும் சமமாகி ஓட்டம் அடங்க அரை நிமிடம் ஆகும்.

லாக்குகளை 32 பீரங்கிப் போர்க்கப்பலை மனதில் வைத்து அளவெடுத்தார்கள். 1803-இல் பொறியாளர்கள் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் பொறுப்பேற்ற வேலை. 1822-இல் திறப்பதற்குள் நெப்போலியன் செத்தே போய்விட்டார், கப்பல்களும் பெருத்துவிட்டன. நம் மாதிரிப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு லாபம்.

ஜூன் 8, கேர்லோக்கி

சுமார் 10 கி.மீ. கால்வாய், வேகம் 5 நாட்டுக்குள். கால்வாய்ப் பகுதியில் பாய் விரிக்கக் கூடாது, இன்ஜின்தான். வழியில் மாய் பாலம். டெல்ஃபோர்ட் காலத்து வார்ப்பிரும்புப் பாலம், இரண்டு பாதி. கீப்பர் ஒரு பாதியைக் கையால் சுழற்றித் திறந்து, சிறு படகில் அக்கரை போய் மறுபாதியைத் திறப்பார். அவசரப்படுத்தினால் ஒன்றும் நடக்காது. முந்நூறு மீட்டர் முன்பே வேகம் குறைத்து மெதுவாக வாருங்கள். நீண்ட அடிக்கட்டைப் படகு நின்ற இடத்தில் நிற்காது, காற்றில் அணியம் விழுந்துவிடும்.

இங்கிருந்து முழு நன்னீர். மரப்படகுக்காரர் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

நன்னீர் இரண்டரை சதவீதம் லேசு. 12 டன் படகு ஏறத்தாழ 0.3 கன மீட்டர் கூடுதலாக நீரை விலக்கியாக வேண்டும். நீர்மட்டப் பரப்பு 20 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒன்றரை சென்டிமீட்டர் அமிழும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே காய்ந்து கிடக்கும் பலகை இடுக்கு இப்போது நனையும், முதல் நாள் கொஞ்சம் கசியும், ஊறியதும் அடங்கும். பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் நீரை இறைப்பது) அடிக்கடி ஓடினால் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

துத்தநாக ஆனோடு (மற்ற உலோகங்கள் அரிக்காமல் தான் கரைந்துபோகும் கட்டி) நன்னீரில் வேலை செய்யாது, மேலே ஒரு படலம் கட்டி உறங்கிவிடும். இரண்டு வாரத்துக்காக மாற்ற வேண்டியதில்லை. கடலுக்குத் திரும்பியதும் தேய்த்துச் சுத்தம் செய்தால் போதும். மரப்படகில் ஆனோடு அதிகமாக மாட்டுவதே தவறு; கடல்நீரில் அது உண்டாக்கும் காரம் சுற்றியுள்ள மரத்தை நார் நாராக்கும்.

தளத்தைக் கால்வாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவும் ஆசையை விட்டுவிடுங்கள். மரத்தை அழுகவைப்பது மழைநீரும் நன்னீரும்தான். பழைய கப்பல்களில் சட்டங்களுக்கு இடையே உப்புக் கொட்டி வைத்தது சும்மா இல்லை. ஒரு நன்மையும் உண்டு: அடியில் ஒட்டிய கொட்டலசும் கடற்பாசியும் நன்னீரில் செத்துப்போகும்.

கழிவறைத் தொட்டி இல்லாத பழைய படகுகள் வெளியேற்றும் வால்வை மூடிப் பூட்டிவிட்டு, லாக் அருகே உள்ள வசதிகளைப் பயன்படுத்த வேண்டும்.

மாலையில் காற்று நின்றதும் மிட்ஜ் கொசு. வலை இல்லாமல் ஜூனில் வரக் கூடாது.

ஜூன் 9, லாகன்

லோக்கி ஏரி, 16 கி.மீ., பாய்க்குத் தகுந்த தென்மேற்குக் காற்று. இந்த ஏரியை டெல்ஃபோர்ட் 12 அடி உயர்த்தினார். பழைய ஆற்று வாயை அடைத்து, முக்கோமிர் வழியாக ஸ்பீன் ஆற்றில் திருப்பிவிட்டார். கரையோரம் சட்டென்று ஆழம், நங்கூரத்துக்கு இடம் குறைவு.

நேர் பின்காற்றில் காஃப் பாய் ஓட்டுவது சுகம், ஜைப் (பின்காற்று மறுபக்கம் புகுந்து பாய் சடாரென்று புரள்வது) மட்டும் ஆபத்து. மலைக்கணவாய்கள் பக்கவாட்டில் திறக்கும் இடங்களில், குறிப்பாக ஆர்க்கேக் ஏரியின் தண்ணீர் வந்து சேரும் பனார்க்கேக் பக்கம், காற்று திடீரென்று 40 பாகை திரும்பும். அதற்கு முன்பே காஃபின் வெளிமுனைக் கயிற்றை இறக்கிப் பாயைக் கூன வைத்துவிட்டால், ஜைப் ஆனாலும் பூம் (பாயின் கீழ்விளிம்புக் கட்டை) எதையும் உடைக்காது. பாய்மரத்தைப் பின்னாலிருந்து தாங்கும் பின்னிழுப்புக் கயிறுகளைக் கவனிக்க ஒருவர் தனியாக இருக்கட்டும். இரண்டாம் உலகப்போரில் கமாண்டோக்கள் நிஜக் குண்டுச் சத்தத்தில் கரையிறங்கிப் பழகியது இதே கரையில்.

ஏரி முடிவதற்கு ஒரு கி.மீ. முன்பே பாய் முழுக்க இறங்கி இன்ஜின் சூடாகி இருக்க வேண்டும். பின்காற்றில் லாகன் லாக்கை நோக்கி வருபவருக்கு நிறுத்த இடமில்லை. காத்திருக்கும் மிதவையில் அமரக் கயிறு முதலில்.

ஜூன் 10, கைட்ரா

ஓய்க் ஏரிதான் உச்சி, கடல்மட்டத்துக்கு 32 மீட்டர் மேலே. லோக்கி, ஓய்க், நெஸ் என்ற மூன்று பெரிய ஏரிகளில் இதுவே மிகச் சிறியது, ஆழம் குறைந்தது. மிதவைக் குறிகளுக்கு நடுவே மட்டும் போக வேண்டும். கேரி ஆறு பக்கவாட்டில் வந்து விழுவதால் மழைக்குப் பிறகு படகு தானாகவே ஓரம் போகும். அணியம் காட்டும் திசையை நம்பாமல், பின்னால் திரும்பித் தாண்டிய குறியையும் பார்த்தபடி ஓட்டுங்கள்.

நீர்ப்பாசி இன்ஜின் குளிரூட்டும் வடிகட்டியை அடைக்கும். புகைக்குழாயில் தண்ணீர் துப்புவது குறைந்தாலே நிறுத்திப் பாருங்கள். வெப்பமானி சொல்லும்வரை காத்திருந்தால் பம்பின் ரப்பர் சக்கரம் போயிருக்கும். கடல் வால்வை மூடாமல் வடிகட்டியைத் திறக்காதீர்கள்.

அபர்சால்டர் பாலம், கலோக்கி லாக், கைட்ரா லாக். இனி எல்லாம் இறக்கம். கைட்ராவில் மரமும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை. இரவு தங்க இதைவிட நல்ல இடம் இந்தக் கால்வாயில் கிடையாது.

ஜூன் 11, ஃபோர்ட் அகஸ்டஸ்

ஐந்து படி இறக்கம். ஏறுவதைவிட அமைதியானது, அதனாலேயே கவனம் சிதறும். இறங்கும்போது கயிற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். க்ளீட்டில் முடிச்சுப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் படகு தொங்கும். இரண்டு மீட்டர் கீழே தண்ணீர் போனபின் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது, கயிற்றை வெட்டத்தான் வேண்டும். இருபக்கமும் கத்தி எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பழைய படகுகளின் அமரம் தண்ணீருக்கு மேலே நீண்டு தொங்கும். பின்கதவுக்கு அடியில் கல்திட்டு ஒன்று இருக்கிறது. மட்டம் இறங்கும்போது படகின் பின்பாகம் அதன்மேல் உட்காரக் கூடாது. சுவரில் போட்ட கோட்டுக்கு முன்னால் நில்லுங்கள். நீர்மட்டத்தில் பார்த்தால் தூரம் இருப்பதாகத் தோன்றும். சுக்கானின் அடிமுனை எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

லாக் ஓரமெல்லாம் சுற்றுலாப் பயணிகள். கயிற்றோடு நடப்பவர் முன்னால் குழந்தைகள் குறுக்கே வருவார்கள். பணிவாக, ஆனால் உரக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 12, ஃபோர்ட் அகஸ்டஸ்

தென்மேற்குக் காற்று, பியூஃபோர்ட் அளவில் விசை 7. கிளம்பவில்லை.

ஜூன் 13, அர்க்கார்ட் விரிகுடா

காற்று விசை 4. நெஸ் ஏரி 37 கி.மீ. நேர்க்கோடு, தென்மேற்கோ வடகிழக்கோ, மலைகளுக்கு நடுவே காற்று அந்த இரண்டு திசையில்தான் ஓடும். நேற்றைய காற்றில் வந்திருந்தால், தென்முனையில் குளம் மாதிரி கிடக்கும் தண்ணீர் வடமுனையில் குட்டையும் செங்குத்துமான அலையாகி, அந்த முனையின் குறுகிய வாயைத் தேடும் நேரத்தில் பின்னால் உடையும். கிளம்பும் இடத்து அலையைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது.

ஆழம் 230 மீட்டர். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே நங்கூரச் சங்கிலி எட்டாது. இன்ஜின் நின்றால் பாய்தான் கதி. எனவே ஸ்டேசெயிலை (முன்பக்கச் சிறு பாய்) எப்போதும் ஏற்றத் தயாராக வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் 5, 6 டிகிரி செல்சியஸ்தான். ஜூனிலும் விழுந்தவருக்கு நிமிடக் கணக்குதான். உயிர்காப்பு உடையும் இடுப்புப் பட்டையும் கட்டாயம்.

மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், மேற்குக் கரையில், அர்க்கார்ட் சிறு துறைமுகம். 1692-இல் காவல்படையே வெடிவைத்து உடைத்த கோட்டை பக்கத்தில். 1952 செப்டம்பரில் வேகச் சாதனையாளர் ஜான் காப் ஜெட் படகில் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டியபோது உயிர்விட்டதும் இந்த நீரில்தான். சாலையோரம் நினைவுக் கற்குவியல் இருக்கிறது. ஏரி அரக்கன் முதலான மிச்ச நெஸ் சங்கதிகளைக் கடைக்காரர்கள் சொல்வார்கள்.

ஜூன் 14, மியூர்டவுன்

போனா கலங்கரை வீட்டுக்கு முன்பே பாய் இறக்கம். டாக்ஃபோர் ஏரியில் வலப்பக்கம் நெஸ் ஆறு அணைக்கட்டுமேல் வழிந்து பிரியும். மழைக்குப் பின் அந்தப் பக்கம் இழுப்பு உண்டு. இடப்பக்கமே ஒட்டி டாக்கரோக் லாக்குக்கு வாருங்கள். அங்கே மட்டம் அதிகம் மாறாது.

டோம்னஹூரிக், மியூர்டவுன் சாலைப் பாலங்கள் போக்குவரத்து நெரிசல் நேரத்தில் திறக்காது. முந்தின நாளே நேரம் கேட்டுவிட்டால், இரண்டு பாலங்களுக்கு நடுவே வட்டமடிக்க வேண்டாம். மியூர்டவுனில் நான்கு லாக், 32 அடி இறக்கம், கீழே பெரிய தொட்டித்துறை. 1918-இல் அமெரிக்கக் கடற்படை கண்ணிவெடிகளைப் பூட்டிய தளம் இது. பாகங்கள் கார்ப்பாக்கில் இறங்கி இதே கால்வாய் வழியாக வந்தன.

ஜூன் 15, க்ளாக்னஹாரி

ஒரு லாக், ரயில் பாலம், கடைசியாகக் கடல் லாக். ரயில் வந்தால் ரயிலுக்குத்தான் முன்னுரிமை. இந்த லாக் இருக்கும் இடம் முழுக்க ஆழச் சேறு. டெல்ஃபோர்டின் ஆட்கள் 400 கஜ தூரத்துக்கு மண்கரையைக் கடலுக்குள் நீட்டி, அதன் எடையிலேயே சேறு இறுகும்வரை விட்டு, பிறகு அந்தக் கரையைத் தோண்டி லாக்கைக் கட்டினார்கள்.

பௌஸ்ப்ரிட்டை உள்ளே இழுத்த வரிசைக்கு நேரெதிராகப் பொருத்தினோம்: கட்டை, ஆப்பு, கடைசியில் சங்கிலி. ஏற்றம் உச்சியைத் தொடும் நேரம் லாக்கை விட்டால் வற்றத்தோடு கெஸாக் பாலத்தடியிலும் சானன்ரி முனையிலும் தள்ளுநீர் கிடைக்கும். வடகிழக்குக் காற்று என்றால் அதே வற்றம் சானன்ரியில் காற்றுக்கு எதிராக ஓடி அலையை நிறுத்தி வைக்கும். அப்படியானால் தொட்டித்துறையிலேயே இன்னொரு நாள் இருங்கள். இன்று மேற்கு, விசை 3. பத்தரைக்கு லாக் கதவு.