மூடியைத் திறக்காமல் விலை பேசாதீர்கள்: பழைய எம்ஜிபி காருக்குப் பின்பக்க ஆக்சில் தேடிய அனுபவம்

பின்பக்க ஆக்சில், அதாவது பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் அச்சு, வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் மனசு ஆறவில்லை. கொடுத்த விலை தப்பில்லை. அந்த விலைக்கு வந்து சேர மூன்று மாதமும் வெட்டி அலைச்சலும் ஆனதுதான் உறுத்துகிறது. அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்றும் இருக்கிறது, அது கடைசியில் வரும்.

வண்டி 1971 எம்ஜிபி ஜிடி, எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கார், கூரை மூடிய வகை. கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் பின்னால் ‘டங்’கென்று ஒரு அடி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு அடி. எஞ்சின் பக்கச் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டையும் மாற்றியும் அடி போகவில்லை. மெக்கானிக், அந்த ஷாஃப்ட் ஆக்சிலோடு சேரும் பினியன் பிளேஞ்சைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். அது தாராளமாக ஆடியது. “கிரவுன் பினியன் தேஞ்சுபோச்சு, வேற ஆக்சில் பாருங்க” என்றார். ஆக்சிலுக்குள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் பல்சக்கரங்களில் பெரியது கிரவுன், சின்னது பினியன். நான் அப்படியே நம்பிவிட்டேன்.

தேட ஆரம்பித்ததும் முதல் குழப்பம் விலை. வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஆக்சிலுக்கு ஒருவர் சொன்னதைப் போல் நான்கு மடங்கு இன்னொருவர் சொன்னார். நான்கு மடங்கு சொன்னவரின் விளம்பரம் மூன்று மாதமும் அதே விலையில் அசையாமல் நின்றது. குறைவாகச் சொன்ன இரண்டு பேருடையது அந்தந்த வாரமே போய்விட்டது. கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. விளம்பரங்களின் சராசரியை எடுத்தால், விற்காமல் தங்கிப்போன சரக்கின் விலைதான் கிடைக்கும். நானும் முதலில் அந்தச் சராசரியைத்தான் போட்டு வைத்திருந்தேன்.

பிறகு கணக்கை மேலிருந்து கீழே போட்டேன். முழுதாகப் பிரித்து, பேரிங் மாற்றி, பல் சரியாகப் பொருந்தும்படி செட்டிங் செய்து, உத்தரவாதத்தோடு தரும் எக்ஸ்சேஞ்ச் ஆக்சிலின் விலைதான் உச்சவரம்பு. அதிலிருந்து பினியன் பேரிங் ஒரு ஜோடி, கேரியர் (கிரவுனைத் தாங்கும் பாகம்) பேரிங் ஒரு ஜோடி, ஹப் பேரிங் இரண்டு, எல்லா ஆயில் சீலும், செட்டிங் கூலியும், சுமந்து வரும் செலவும் கழிய வேண்டும். ஆக்சில் சுலபமாகத் தூக்கி வரும் பொருள் இல்லை என்பதால் அந்தக் கடைசிச் செலவைச் சின்னதாக நினைக்காதீர்கள். மிஞ்சுவதில் பாதிக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். மறுபாதி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததற்கு. பல் கண்ணால் தெரிந்தால், கிரவுன், பினியன் இரண்டின் ஜோடி எண் பொருந்தினால், அந்தப் பாதியில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன்.

எக்ஸ்சேஞ்ச் விலையை ஒப்பிடும்போது நம் பழைய ஆக்சிலை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துப் பாருங்கள். பழையது வாங்கினால் நம்முடையது நம்மிடமே இருக்கும்.

முதல் பயணம் இரண்டரை மணி நேரம். “கம்ப்ளீட் ஆக்சில், டிரம்மோட இருக்கு” என்று தொலைபேசியில் சொன்னார். போய்ப் பார்த்தால் ஸ்போக் வீலுக்கான ஆக்சில். என் வண்டியில் இருப்பது போல்ட் போடும் ஸ்டீல் வீல். ஹப்பை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்று சாதித்தார். அது நடக்காது. என் வண்டியில் இருக்கும் குழாய் வகை ஆக்சிலில் ஸ்போக் வீலுக்கு வந்ததன் வெளிக்கூடே குறுகியது, ஆக்சில் ஷாஃப்டும் குட்டை. என் வீலை அதில் மாட்டினால் உள்ளே தள்ளிப் போகும். அவர் பொய் சொன்னார் என்று நினைக்கவில்லை, அவருக்கே தெரியவில்லை. ஆனால் ஹப்பின் படத்தை முன்கூட்டியே கேட்டிருந்தால் ஐந்து மணி நேரம் மிச்சம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை டேப் வைத்த படமும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் போகாதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: பான்ஜோவா, குழாயா? எம்ஜிபியில் ஆக்சில் கூடு இந்த இரண்டு வகை. எம்ஜிபி ஜிடி 1965-இல் வந்ததிலிருந்தே குழாய் ஆக்சில்தான். திறந்த ரோட்ஸ்டரில் 1967 வரை பான்ஜோ. இரண்டுக்கும் உதிரி ஒன்றுக்கொன்று சேராது. விலைக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. பான்ஜோவில் கேரியர் முழு யூனிட்டாக முன்பக்கம் கழன்று வரும், செட்டிங் கலையாமல் அப்படியே விற்கலாம், வாங்கலாம். குழாய் ஆக்சிலில் கேரியர் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கூட்டை விரிக்கும் கருவி இல்லாமல் முறையாக வெளியே எடுக்க முடியாது, வேறு கூட்டில் போட்டால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எல்லாம் புதிதாக அளந்து வைக்க வேண்டும். அதனால் குழாய் ஆக்சிலின் கிரவுன் பினியனைத் தனியாகக் கழற்றி வைத்து விற்பவர், முழு ஆக்சிலின் விலையில் பாதி கேட்டாலும் எனக்கு அது அதிகம்தான்.

இரண்டாவது ஆள் அப்படித்தான் கேட்டார். துடைத்து, எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வைத்திருந்தார். பல் கண்ணாடி மாதிரி. கையில் பணத்தை எடுத்தும்விட்டேன். கிரவுனின் ஓரத்திலும் பினியனின் முகப்பிலும் பொறித்திருக்கும் ஜோடி எண்ணைப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று ஓட்டி, உரசிப் பதப்படுத்தி, ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். வேறொரு பினியனோடு ஓடினால் எத்தனை அழகான பல்லும் ஊளையிடும். டார்ச் அடித்துப் பார்த்தேன். எண் இரண்டும் வேறு வேறு.

காட்டினேன். “இரண்டுமே நல்ல பல்லுதானே தம்பி, சேர்ந்துக்கும்” என்றார். சேராது அண்ணே என்றேன். அன்றும் வெறுங்கைதான். ஆனால் முதல் நாள் மாதிரி வலிக்கவில்லை.

மூன்றாவது இடத்தில்தான் எனக்கு உண்மையான வெற்றி கிடைத்தது. முழுக் குழாய் ஆக்சில், ஸ்டீல் வீல் ஹப். “இது வி8 ரேஷியோ, அபூர்வம்” என்று சொல்லி விலையை இரண்டரை மடங்கு ஏற்றியிருந்தார். கிரவுன் ஒரு சுற்று போவதற்குள் பினியன் எத்தனை சுற்று போகிறது என்பதுதான் ரேஷியோ. சாதாரண நான்கு சிலிண்டர் எம்ஜிபியில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 11, ரேஷியோ 3.909. எட்டு சிலிண்டர் எஞ்சின் போட்ட ஜிடி வி8-இல் 43-க்கு 14, அதாவது 3.071. வி8 வந்ததே 1973 முதல் 1976 வரைதான். நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாகச் சுழல வேண்டும் என்று மாற்றுபவர்கள் அந்த ரேஷியோவைத் தேடுவார்கள் என்பதால் அதிக விலை கேட்பதில் நியாயம் உண்டு. அது உண்மையிலேயே 3.071 ஆக இருந்தால்.

தரையில் கிடக்கும் ஆக்சிலில் இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு ஹப்பை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மறு ஹப்பைச் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஒரு பக்கம் நின்றிருப்பதால் ஹப்பின் இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரு சுற்றுதான் போகும். அதற்குள் பினியன் பிளேஞ்ச் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் ரேஷியோ. பிளேஞ்சில் சாக்பீஸால் கோடு போட்டு, விற்பவரையே ஹப்பைப் பிடிக்கச் சொன்னேன். மூன்று சுற்றைத் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றிருக்க வேண்டிய கோடு, நான்காவது சுற்றையும் கிட்டத்தட்ட முடித்துவிட்டுத்தான் நின்றது. இன்னொரு முறை சுற்றச் சொன்னார். மறுபடியும் அதே இடம். அவர் முகம் மாறியது. அவரும் யாரோ சொன்னதை நம்பித்தான் வாங்கியிருக்கிறார், பாவம். அபூர்வத்துக்கான விலை அந்த நிமிடமே இறங்கியது.

அடுத்தது மூடி. குழாய் ஆக்சிலின் பின்மூடி சில போல்டில் கழன்றுவிடும். திறந்தால் ஆயில் கொட்டும், கேஸ்கெட் போகும் என்று தயங்கினார். கேஸ்கெட்டுக்கு நான் பணம் தருகிறேன், தட்டு வைத்துப் பிடிக்கிறேன் என்றேன். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூடி திறக்காத ஆக்சிலுக்கு வெறும் கூட்டின் விலைதான். உள்ளே இருப்பதற்கு ஒன்றும் கிடையாது.

ஆயில் கறுப்பாக இருந்தது, பால் மாதிரி இல்லை, அதனால் தண்ணீர் கலந்து கிடக்கவில்லை. விரலில் தேய்த்தபோது மெல்லிய சாம்பல் பசை. அது சாதாரணத் தேய்மானம். செதிலாக உலோகம் வந்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். ஜோடி எண் இங்கே பொருந்தியது. கிரவுனைச் சுற்றிப் பார்த்தபோது, ஆயிலுக்கு மேலே வெகுநாள் நின்ற ஆறேழு பல்லில் துருக்குழி தெரிந்தது. நகத்தால் தடவினேன். நான்கில் லேசான கறைதான், நகம் சிக்கவில்லை. இரண்டில் பல்லின் ஓரத்தில் சிக்கியது, பல் உரசும் நடுப்பகுதியில் இல்லை. பேக்லாஷை, அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆட்டத்தை, டயல் கேஜ் வைத்து, கிரவுன் பல்லிலேயே அளந்தேன். 0.18 மில்லிமீட்டர். இந்த மாதிரி ஆக்சிலுக்கு 0.1 முதல் 0.2 வரை இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். பினியனை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டமே இல்லை, ஆனால் சுற்றும்போது பேரிங் கரகரத்தது.

ஒரு பக்க ஷாஃப்டை வெளியே இழுக்கச் சொன்னேன். ஹப்போடு மல்லுக்கட்ட அரை மணி நேரம் ஆனது. ஷாஃப்டின் நுனியில் வரிவரியாக வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பல் நேர்கோடாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அத்தனையும். துளி முறுக்கிக்கொண்டிருந்தாலும் அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே வாழ்ந்து முடித்துவிட்டது என்று அர்த்தம். நேராக இருந்தது.

பேரம் பேசவே வேண்டியிருக்கவில்லை. பார்த்ததை எல்லாம் அவர் எதிரிலேயே தாளில் எழுதி, பேரிங், சீல், கூலி என்று கழித்துக் காட்டினேன். துருக்குழிக்குத் தனியாக ஒரு கழிவு. அவர் இரண்டு இடத்தில் மறுத்தார், ஒன்றில் அவர் சொன்னது சரி: டிரம் இரண்டும் நல்ல நிலையில் இருந்ததை நான் கூட்டவே இல்லை. கூட்டினேன். அந்தத் தொகைக்கே வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது அந்தப் பெரிய உறுத்தல். புதிதாக வந்ததை மாட்டுவதற்கு முன், என் ஆக்சிலில் எவ்வளவு தேய்மானம் என்று ஒப்பிட அதன் மூடியைக் கழற்றினேன். கிரவுன் பல்லில் ஒரு குறையும் இல்லை. பேக்லாஷ் 0.15. வாங்கியதைவிட நன்றாக இருந்தது. வளைவில் இரு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களின் பின்னால் வைக்கும் தேய்மான வாஷர்தான் காகிதம் மாதிரி மெலிந்துபோயிருந்தது. மெக்கானிக் பிளேஞ்சை ஆட்டியபோது வந்த ஆட்டம் முழுவதும் அங்கிருந்து வந்தது. கிரவுனைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஷாஃப்ட் இரண்டையும் கொஞ்சம் இழுத்து, அந்தப் பல்சக்கரங்களைக் கோத்திருக்கும் குறுக்கு முள்ளைத் தட்டி எடுத்து, அவற்றை உருட்டி வெளியே கொண்டுவந்து புது வாஷர் போட்டேன். ஆக்சில் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. ஒரு மதிய நேரம். வாஷர்களின் விலை நான் முதல் பயணத்துக்குப் போட்ட பெட்ரோலைவிடக் குறைவு. ‘டங்’ போய்விட்டது.

எம்ஜிபியில் இந்த அடி கேட்டதும் யாராவது ஆக்சில் மாற்றச் சொன்னால், தேடப் போவதற்கு முன் உங்கள் மூடியைக் கழற்றுங்கள். ஓட்டும்போது ஊளைச் சத்தம் இல்லாமல் அடி மட்டும் வந்தால் முதல் சந்தேகம் வாஷர் மேல் இருக்கட்டும்.

வாங்கிய ஆக்சிலை வைத்துக்கொள்ள இடமில்லை. போன வாரம் ஒருவர் கேட்டார். ஓரத்துக்கு ஓரம் டேப் வைத்த படம், ஹப், ஜோடி எண் இரண்டும், டயல் கேஜின் முள், எல்லாவற்றையும் அவர் கேட்பதற்கு முன்பே அனுப்பினேன். நகம் சிக்கும் அந்த இரண்டு பல்லையும் கிட்டத்தில் எடுத்து அனுப்பினேன். அதைக் காட்டி நான் வாங்கிய விலையிலிருந்தும் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை வந்து எடுத்துப் போகிறார்.